அந்நிய வீட்டில் ஓராண்டு: 'அமைதியான பிள்ளை'யை அனுப்பும் முன்

சென்ற தவணை விடுமுறைக்குச் சற்று முன்னர் ஒரு வாப்பா படிவமொன்றோடு பாடசாலைக்கு வந்தார். மகள் மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றுக்கு விண்ணப்பிக்கிறாள், அமெரிக்காவில் ஒரு வருடம். வகுப்பாசிரியையின் பரிந்துரை தேவை. "நல்லா நாலு வரி எழுதித் தாங்க டீச்சர்" என்றார். நானும் பேனாவை எடுத்து வழமையான நாலு வரியைத் தொடங்கினேன். அமைதியானவர், பணிவானவர், பெரியோர் சொல்லுக்கு மறுவார்த்தை பேசாதவர்.

அந்த மூன்றாவது சொல்லோடு பேனா நின்றுவிட்டது. சில வருடங்களுக்கு முன்னர் இதே வார்த்தைகளை வேறொரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் போய் வந்து சொன்ன கதை நினைவுக்கு வந்தது.

அவள் போன இடம் அமெரிக்காவின் மத்திய மேற்கில் ஒரு சிறு ஊர். முதல் நாள் இரவு அந்த வீட்டு அம்மா உணவுப் பாத்திரத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். எமது வீடுகளில் வளர்ந்த பிள்ளை என்ன சொல்லும்? "வேணாம்" என்றுதான் சொல்லும். எமக்கு முதல் "வேணாம்" மரியாதைக்கு, இரண்டாவது வெட்கத்துக்கு. மூன்றாவது தடவை அள்ளி வைத்தால்தான் சாப்பிடுவோம். வீட்டுக்காரரும் அது தெரிந்துதான் மூன்று தடவை கேட்பார். அங்கே அப்படியில்லை. ஒரு தடவை சொன்னால் அது முடிந்த பேச்சு. பாத்திரம் அடுத்தவரிடம் போயிற்று.

"வேணாமெண்டு சொன்னன், பொறகு ஒருத்தரும் கேக்கல்ல டீச்சர். மூணு நாள் பசியோட படுத்தன்" என்றாள். அந்த வீட்டார் கெட்டவர்கள் அல்லர். கேட்டார்கள், பதில் கிடைத்தது, அந்தப் பதிலை மதித்தார்கள். நான்காவது நாள் குளிரூட்டியில் வைத்த உணவைத் தானே எடுத்துச் சாப்பிடலாம் என்று வீட்டு மகன் தற்செயலாகச் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

இந்த ஒரு கதைக்குள் பரிமாற்ற வருடத்தின் பாதி அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இப்போது எமது சமூகத்திலும் பிள்ளைகளை இவ்வாறு அனுப்ப நினைக்கும் பெற்றோர் அதிகரித்து வருகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்பது ஹலால் உணவு, உடை, பாதுகாப்பு ஆகிய மூன்றையும்தான். கேட்க வேண்டியவைதான். ஆனால் இந்த மூன்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. உங்கள் பிள்ளைக்குத் தனது தேவையை வாய் திறந்து சொல்லத் தெரியுமா?

முதலில் இது என்ன ஏற்பாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன், பலர் இதை வெளிநாட்டுப் படிப்பு என்று தவறாக நினைக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்குப் போவது போன்றதல்ல இது, விடுதி வாழ்க்கையுமல்ல. பதினைந்து முதல் பதினெட்டு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் அவர்களது பிள்ளையைப் போல ஏறத்தாழ பத்து மாதங்கள் தங்கி, அந்த ஊர்ப் பாடசாலைக்குப் போய் வருவதுதான் ஏற்பாடு. அமெரிக்காவில் ஜே-1 வீசாவில் வரும் பாடசாலை மாணவரை ஏற்கும் குடும்பத்துக்கு அதற்காகப் பணம் கொடுக்கப்படுவதில்லை. சில நிபந்தனைகளோடு மாதத்துக்கு 50 டொலர் வரை வரிக்கழிவு கோரலாம், அவ்வளவுதான். எனவே அது வாடகை அறையுமில்லை, அந்தக் குடும்பத்தார் சேவை வழங்குநருமில்லை. பிள்ளை அங்கே வாடிக்கையாளரைப் போல நடந்தால் கசப்பு வரும். விருந்தாளியைப் போல மூலையில் உட்கார்ந்திருந்தாலும் வரும்.

இந்த வழக்கத்தின் பிறப்பே சுவாரசியமானது. முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தொண்டர் அம்புலன்ஸ் சாரதிகளின் அமைப்பு ஒன்று இருந்தது, ஏ.எப்.எஸ். என்று சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலையைச் செய்தவர்கள், போர் முடிந்த பின் 1947இல் பத்து நாடுகளிலிருந்து 52 பாடசாலை மாணவர்களை அமெரிக்க வீடுகளுக்கு அழைத்து வந்தார்கள். பிணங்களைச் சுமந்தவர்களுக்குத்தான் அடுத்த தலைமுறை ஒருவரது சமையலறையில் மற்றவர் உட்கார்ந்து பேசிப் பழக வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. ரோட்டரி கழகங்களும் பல நாடுகளில் இவ்வாறான இளைஞர் பரிமாற்றத்தை நடத்துகின்றன. அதில் ஒரே வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறி மாறித் தங்குவது வழமை.

எமக்கு நெருக்கமான உதாரணம் 2002இல் வந்தது. செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அடுத்த வருடம், செனட்டர்கள் எட்வேர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் ஆகியோரின் முயற்சியில், முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென அமெரிக்க இராஜாங்கத் திணைக்களம் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தை ஆரம்பித்தது. 'யெஸ்' என்பது அதன் சுருக்கப் பெயர். பாகிஸ்தான், இந்தியா, பங்களாதேஷ், இந்தோனேசியா எனப் பல நாடுகளின் பிள்ளைகள் அதில் சென்றார்கள். 2009இலிருந்து அமெரிக்கப் பிள்ளைகளும் மறுபக்கமாக இந்த நாடுகள் சிலவற்றுக்கு வந்தார்கள். அமெரிக்காவின் அரசியலை விமர்சிக்க எமக்கு ஆயிரம் காரணங்கள் உண்டு, நானும் விமர்சிப்பவள்தான். ஆனால் ஒரு முஸ்லிம் பிள்ளை கிறிஸ்தவக் குடும்பத்தில் பத்து மாதங்கள் எப்படி வாழ்கிறது என்பதற்கு இந்தத் திட்டத்தின் பிள்ளைகளிடம்தான் நீண்ட அனுபவம் இருக்கிறது.

அமெரிக்க அரசின் பணத்தில் போகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். திரும்பி வந்து சொந்த நாட்டில் இரண்டு வருடங்கள் கழித்த பின்னரே அங்கே நிரந்தர வதிவிடத்துக்கோ தொழில் வீசாவுக்கோ போகலாம் என்ற நிபந்தனை அவர்களுக்குப் பொருந்தும். "போனால் அப்படியே நின்றுவிடலாம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இனித் தொழுகை. மினசோட்டா போன்ற வட மாநிலமொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பரில் லுஹர் பகல் ஒரு மணியைத் தாண்டித்தான் வரும், அஸர் பாடசாலை விட்ட பின்னர். நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்கள், பகலும் சுருங்கிக்கொண்டே போகும். டிசம்பரில் லுஹர் பன்னிரண்டு மணியளவில், அஸர் இரண்டு மணிக்குச் சற்றுப் பின்னர், மஃரிப் நாலரைக்கு. அதாவது ஆண்டு ஆரம்பத்தில் ஒரு தொழுகைக்கு மட்டும் பாடசாலையில் இடம் தேடிய பிள்ளைக்கு இப்போது இரண்டு. இலங்கையில் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்துக்குப் பாங்கு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி.

இதற்கு அங்கே சட்டத்தின் தடை இருக்கிறதா? இல்லை. அரச பாடசாலை தானே தொழுகையை நடத்தக்கூடாது என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. ஆனால் ஒரு மாணவர் ஓய்வு நேரத்தில் தனியாகத் தொழுவதை அது தடுப்பதில்லை. மாணவர்கள் தமது கருத்துரிமையைப் பாடசாலை வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை என்பதையும் அதே நீதிமன்றம் 1969இல் உறுதிப்படுத்தியது. அப்படியென்றால் எங்கே சிக்கல்? கேட்பதில்தான். முதல் வாரத்திலேயே ஆலோசக ஆசிரியரிடம் போய், "எனக்கு மதியம் ஐந்து நிமிடமும் ஒரு சுத்தமான மூலையும் தேவை" என்று சொன்ன பிள்ளைக்கு நூலகத்தின் பின்னறை கிடைக்கிறது. சொல்லாத பிள்ளை வீட்டுக்கு வந்து களாச் செய்கிறது. பிறகு அதையும் விட்டுவிடுகிறது. என் மாணவி டிசம்பர் வரை இரண்டாவது வகையில் இருந்தாள். கேட்ட அன்றே சாவி கொடுத்தார்களாம்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். பன்றி இறைச்சி சாப்பிடமாட்டோம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பீட்சாவின் மேலுள்ள பெப்பரோனியில் பெரும்பாலும் பன்றி இருக்கும், ஜெலி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கும், டின்னில் வரும் அவித்த அவரையில் சில வேளை பன்றிக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள் என்பதை அந்த வீட்டார் யோசித்தே இருக்கமாட்டார்கள். நல்ல மனதோடு சமைத்துவிட்டுப் பிள்ளை ஏன் சாப்பிடவில்லை என்று வருந்துவார்கள். பிள்ளை அறையில் பிஸ்கட்டோடு காலம் தள்ளும். ஒரு சனிக்கிழமை கடைக்கு ஒன்றாகப் போய், பொதிகளின் பின்பக்கத்தை வாசித்து, முட்டையும் மீனும் மரக்கறியும் போதும் என்று சொன்னால் முடிகிற காரியம். தான் சமைத்துக் காட்டினால் இன்னும் நல்லது. பருப்புக் கறியும் சோறும் ஆக்கத் தெரியாத பிள்ளையை அனுப்பாதீர்கள், ஆண்பிள்ளையாக இருந்தாலும். சொல்லப்போனால் ஆண்பிள்ளைக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சாப்பிட்ட கோப்பையை உம்மா எடுப்பார், ராத்தா கழுவுவார் என்று வளர்ந்தவன் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் அது கலாசார வேறுபாடாகத் தெரியாது, சோம்பலாகத்தான் தெரியும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலைகள் பங்கிடப்பட்டிருக்கும். இவனுக்கும் ஒன்று விழும்.

நாய் ஒரு பெரிய விடயம். அமெரிக்க வீடுகளில் நாய் சோபாவில் படுத்திருக்கும். ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்த எமது பிள்ளைகளுக்கு அது நக்கினால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணோடு. பிள்ளை தினமும் அழும். விண்ணப்பத்தில் செல்லப்பிராணி பற்றிக் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். "எதற்கும் பரவாயில்லை" என்று எழுதினால் தெரிவாகும் வாய்ப்பு கூடும் என்று நினைத்துப் பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். கடைசியில் துன்பப்படுவது பிள்ளை. தொழுகையைச் சேர்த்துத் தொழுவது, குளிர் காலத்தில் காலுறைக்கு மேல் மஸ்ஹு செய்வது போன்றவற்றில் தீர்ப்புச் சொல்வது எனது வேலையல்ல. போகும் முன்னர் விடயம் தெரிந்த ஆலிம் ஒருவரிடம் ஒரு மணித்தியாலம் உட்கார வையுங்கள்.

வகுப்பறைக்கு வருவோம், இது எனது தொழில். எமது வகுப்பில் ஆசிரியர் பேசும்போது தலையைக் குனிந்திருப்பது மரியாதை. அங்கே கண்ணைப் பார்க்காத பிள்ளை எதையோ மறைக்கிறது. எமது தலையாட்டலில் ஆம் எது, இல்லை எது என்று அவர்களுக்கு விளங்குவதில்லை. வகுப்பில் கருத்துச் சொல்வதற்கும் புள்ளி உண்டு. என் மாணவி முதல் தவணையில் எழுத்துப் பரீட்சையில் நன்றாகச் செய்தும் இரண்டு பாடங்களில் புள்ளி குறைந்து போனாள், வாய் திறக்கவில்லை என்பதற்காக. கலாசாலையில் எனக்கு வகுப்பறைக் கட்டுப்பாடு பற்றி நிறையக் கற்பித்தார்கள். அமைதியான வகுப்பு நல்ல வகுப்பு என்று நம்பி இருபது வருடங்கள் கற்பித்திருக்கிறேன். இந்தப் பிள்ளையின் பெறுபேற்றுத் தாளைப் பார்த்தபோது அதில் என் கையெழுத்தும் இருப்பதாகப் பட்டது.

பிறகு கேள்விகள். ஏன் தலையை மூடுகிறாய், வாப்பா கட்டாயப்படுத்தினாரா, தண்ணீர் கூடவா குடிக்கக் கூடாது? 2019 ஏப்ரலுக்குப் பின் எமது பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கப்படுவது புதிதல்ல. ஆனால் இங்கே கேட்டவர்கள் பெரும்பாலும் சந்தேகத்தோடு கேட்டார்கள். அங்கே சக மாணவர்கள் பலர் தெரியாமல் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே முகத்தைக் காட்டினால் நட்பு முளைக்காது. அவளுக்கு மிகக் கஷ்டமாக இருந்த கேள்வி மார்க்கம் பற்றியதே அல்ல. "தமிழ் பேசுகிறாய், ஆனால் தமிழர் இல்லை என்கிறாய், அது எப்படி?" என்று சமூகக்கல்வி வகுப்பில் ஒருவன் கேட்டிருக்கிறான். பதினாறு வயதுப் பிள்ளை மூன்று நிமிடத்தில் இலங்கை முஸ்லிமின் வரலாற்றைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிரவு எனக்கு வட்ஸ்அப்பில் எழுதினாள், அந்தப் பாடத்தை இங்கே இருக்கும்போது ஒழுங்காகப் படித்திருக்கலாம் என்று. எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டியதில்லை, "எனக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் பதில்தான் என்று பதில் எழுதினேன்.

வீட்டு நினைவு பற்றி. 1955இல் லிஸ்கார்ட் என்ற நோர்வே ஆய்வாளர், அமெரிக்கா சென்று திரும்பிய நோர்வே நாட்டவர் ஏறத்தாழ 200 பேரை ஆராய்ந்தார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகவே பொருந்தியிருந்தார்கள். இடையில் திரும்பியவர்கள்தான் அதிகம் சிரமப்பட்டிருந்தார்கள். அவர்கள் வளர்ந்தவர்கள், பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்றில்லை. என்றாலும் முதலில் எல்லாம் அழகு, பிறகு ஒரு பள்ளம், பிறகு மெல்ல ஏற்றம் என்பதை அனுப்பிய பெற்றோர் பலர் கண்டிருப்பார்கள். அந்தப் பள்ளம் குளிரும் இருட்டும் கூடும் மாதங்களில் வந்தால் இன்னும் ஆழம். அப்போதுதான் உம்மா தினமும் இரவில் வீடியோ அழைப்பு எடுப்பார். நான் தாயுமாக இருப்பதால் இதைச் சொல்வது எனக்கே கடினம். தினமும் எடுக்காதீர்கள். வீட்டில் பிரியாணி ஆக்கியதையும் மச்சானின் கல்யாணத்தையும் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும். கீழே அந்தக் குடும்பம் இந்தப் பிள்ளைக்கு எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை, ஒரு குறித்த நாளில் பேசுங்கள்.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வீட்டு நினைவு வேறு, ஆபத்து வேறு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஸ்க்ரான்டன் என்றொரு நகரம். பரிமாற்ற மாணவர்கள் சிலர் அங்கே போதிய உணவின்றி, வாழத் தகுதியற்ற வீடுகளில் தங்க வைக்கப்பட்டிருந்தது 2009இல் வெளியே வந்தது. அவர்களுக்காகப் பேச வேண்டிய பொறுப்பாளர்கள் பேசவில்லை. அதன் பின்னர் 2010இல் விதிகள் இறுக்கப்பட்டன. வீட்டில் வாழும் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட அனைவரதும் குற்றப் பின்னணி சோதிக்கப்பட வேண்டும். அமைப்பின் பிரதிநிதி நேரில் போய் வீட்டைப் பார்க்க வேண்டும், மாதம் ஒரு தடவையாவது மாணவரோடு பேச வேண்டும், 120 மைலுக்குள் வசிக்க வேண்டும். பிள்ளை நாட்டிலிருந்து புறப்படும் முன்னரே தங்கப்போகும் குடும்பம் உறுதியாகியிருக்க வேண்டும். அந்த விபரம் கையில் கிடைக்காமல் விமானத்தில் ஏற்றாதீர்கள்.

விதி இருக்கிறது, சரி. பிரதிநிதி மாதம் ஒரு தடவை கேட்கிறார்: எல்லாம் நலமா? எமது பிள்ளை என்ன சொல்லும்? "ஓ, நலம்." குடும்பத்தை மாற்றிக் கேட்பது குற்றமல்ல, அவமானமுமல்ல, பல பிள்ளைகள் மாறியிருக்கிறார்கள். ஆனால் எம்மவர்களுக்கு அது நன்றி கெட்ட செயலாகத் தெரிகிறது. வீட்டிலுள்ள யாராவது தகாத முறையில் தொட்டால், பேசினால் அன்றே சொல்ல வேண்டும், முதலில் பிரதிநிதியிடம், அவர் அசையாவிட்டால் பாடசாலை ஆசிரியரிடம், பொலிஸாரிடம். இந்தப் பேச்சைப் பெண்பிள்ளையிடமும் ஆண்பிள்ளையிடமும் வீட்டிலேயே பேசிவிடுங்கள். வெட்கமாக இருக்கிறதென்றால் என்னைப் போன்ற ஆசிரியைகளிடம் விடுங்கள்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சில எம் கையில் இல்லை. 2018 மே 18 அன்று டெக்சாஸின் சான்டா பே உயர்நிலைப் பாடசாலையில் மாணவன் ஒருவன் சுட்டதில் பத்துப் பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் 'யெஸ்' திட்டத்தில் சென்ற கராச்சி மாணவி, பதினேழு வயது. அது ரமழானின் ஆரம்பம். பெருநாளுக்கு வீடு திரும்ப சில வாரங்களே இருந்தன. அவளை வைத்திருந்த குடும்பத்தினரும் அவளோடு சேர்ந்து நோன்பு நோற்றிருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இந்தச் செய்தியைச் சொல்லாமல் ஒரு பெற்றோரை ஊக்கப்படுத்துவது நேர்மையாகாது என்பதால் அந்த வாப்பாவிடமும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

உயர்தரம் பற்றியும் கேட்டார். அங்கே படித்த வருடம் எமது உயர்தரப் பரீட்சைக்குக் கணக்கில் வராது. திரும்பி வரும்போது கூடப் படித்தவர்கள் ஒரு வருடம் முன்னால் போயிருப்பார்கள், தனக்குக் கீழே படித்தவர்களோடு உட்கார வேண்டும். இசட் புள்ளிக்காக ஓடும் வீடுகளில் இது சிறிய விலையல்ல. மருத்துவ பீடம்தான் குறி என்றால் போக வேண்டாம் என்றே சொல்வேன். திரும்பி வருவதும் லேசல்ல. என் மாணவி வந்த முதல் மாதம் வாப்பாவின் கண்ணைப் பார்த்து "நான் அதோட உடன்படல்ல" என்று சொல்லிவிட்டு, வீட்டில் பெரிய பிரச்சினை. உம்மா என்னிடம் வந்து அழுதார். பிள்ளை கெட்டுப் போய்விட்டாள் என்றார். அந்தப் பிள்ளை ஐந்து வேளையும் தொழுதுகொண்டுதான் இருந்தாள், கோப்பையைத் தானே கழுவிக்கொண்டும்.

பரிந்துரைப் படிவத்தை அன்று நான் முடித்துக் கொடுக்கவில்லை. அடுத்த நாள் மகளை அனுப்பச் சொன்னேன். அந்த மூன்று சொற்களையும் அவளிடம் காட்டி, இதில் எது உண்மை என்று கேட்டேன். நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "மறுவார்த்தை பேசமாட்டன் எண்டது பொய் டீச்சர், நான் மனசுக்குள்ள பேசுவன்" என்றாள்.

அதை வெட்டிவிட்டு வேறு எழுதினேன். ஆகஸ்டில் புறப்பட வேண்டும், இன்னும் நேர்முகத் தேர்வு இருக்கிறது. அதுவரை வாரம் இரண்டு நாள் இடைவேளையில் ஆசிரியர் அறைக்கு வந்து, தனக்குத் தேவையான ஏதாவது ஒன்றை என்னிடம் நேரே கேட்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முதல் தடவை வந்து பத்து நிமிடம் கதவருகே நின்றுவிட்டுப் போய்விட்டாள். இந்த வாரம் சுண்ணக்கட்டி கேட்டாள்.